யாரும் பறக்காத பதினைந்து மணி நேரம்

1

என் மகள் ஹனாவுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். உன் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, அந்த ஊர் ஆக்லாந்திலிருந்து எவ்வளவு தூரம், விமானத்தில் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று ஓர் அட்டையில் எழுதி, வரைபடம் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் வகுப்பில் டோங்கா, சமோவா, பிஜி, ஈராக் என்று பல நாட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். டீச்சர் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார்.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஹனா ஆங்கிலத்தில் வாசித்தாள். ஆக்லாந்து விமான நிலையத்திலிருந்து மும்பை விமான நிலையம் வரை பன்னிரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் பதினைந்து மணி நாற்பது நிமிடம். வாசித்துக்கொண்டே அட்டையில் ஊதாப் பேனாவால் எழுத ஆரம்பித்தாள்.

"அதை எழுதாதே" என்றேன்.

"ஏன்?"

"அது பொய்."

"மா, வெப்சைட்ல போட்டிருக்கு" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதி இப்படித்தான் இருக்கும்.

நான் மடிக்கணினியை மூடினேன். கொஞ்சம் வேகமாகவே மூடிவிட்டேன். ஹனா அழவில்லை, சத்தம் போடவில்லை. அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த ஊரில் வளர்கிற பிள்ளைகளின் கோபம் இப்படி ஓசை இல்லாமல் இருக்கிறது. எங்கள் தெருவில் என்றால் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஆக்லாந்துக்கும் மும்பைக்கும் நடுவே நேராகப் பறக்கிற விமானமே கிடையாது. அந்த இணையப் பக்கத்தை எழுதியது மனிதரும் இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் கோடு போட்டு, கோட்டின் நீளத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏற இறங்கக் கொஞ்ச நேரம் சேர்த்து ஒரு கணினி எழுதி வைத்த விடை அது. பாஸ்போர்ட் தேவைப்படாத ஏதாவது ஒரு பறவைக்கு வேண்டுமானால் அந்த நேரம் சரியாக இருக்கலாம். அந்த விடையை நம்பித்தான் போன வருடம் இதே வாரத்தில், மும்பை சீத்தா கேம்பில், என் வாப்பாவை ஒரு பகல் முழுக்க ஐஸின் மேல் கிடத்தி வைத்திருந்தார்கள்.

2

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். வாப்பா வாலிபத்திலேயே பம்பாய்க்கு வந்துவிட்டார். தாராவியில் ரெக்சின் பை தைக்கும் பட்டறை, சீத்தா கேம்பில் வீடு. பட்டறையில் அதிகம் விற்றது பெரிய ஜிப் வைத்த பயணப் பைகள். வளைகுடாவுக்குப் போகிற ஆட்கள்தான் வாங்குவார்கள். வாங்குகிற ஒவ்வொருவரிடமும் வாப்பா எந்த ஊர், எவ்வளவு நேரம் என்று விசாரிப்பார். மஸ்கட், இரண்டரை மணி நேரம் என்று பதில் வந்தால், "இவ்ளோதானா, நான் லோக்கல் ரயில்ல விராருக்குப் போயிட்டு வாறதுக்குள்ள நீ போய் எறங்கிருவியே" என்பார்.

எங்கள் தெருவில் விமானம் என்றால் வளைகுடாதான். ஏறினால் இறங்கும் இடம் ஒன்றுதான். என் தம்பி சாகுல் மஸ்கட்டில் எட்டு வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்தவன். அவனுக்குப் பறக்கும் நேரமும் பயண நேரமும் ஒன்றுதான். நடுவில் இன்னொரு ஊரில் இறங்கி அடுத்த விமானத்துக்குப் பாதி நாள் உட்கார்ந்திருப்பது என்பது அவன் வாழ்க்கையில் நடந்ததே இல்லை.

நான் ஆக்லாந்துக்குக் கிளம்பியபோது வாப்பா என்னிடமும் கேட்டார். வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்தால் ஒரு நாளுக்கு மேலே ஆகும் என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. பிறகு என்ன நினைத்தாரோ, "ரயில்ல திருநெல்வேலி போற நேரந்தான. போயிட்டு வா" என்றார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அதையே சொல்வார். மகள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் நியூசிலாந்து என்பார். தூரமாச்சே என்றால், ஊருக்கு ரயிலில் போகிற தூரம்தான் என்பார். உலகப் படத்தில் நியூசிலாந்து எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நேரம் மட்டும் சரியாகத் தெரியும்.

இனி சொல்லப்போவது புரிய வேண்டுமென்றால் எங்கள் வழக்கம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இறந்தவரின் உடலை நாங்கள் மய்யித்து என்போம். மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாது. காலையில் மரணம் என்றால் லுஹர் எனும் மதியத் தொழுகைக்குப் பின் எடுத்துவிடுவோம். குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். வீட்டுப் பெண்கள் வந்து கடைசியாக முகம் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மைமூன் மாமிதான் எந்த வீடானாலும் தலைமாட்டில் நிற்பார். "எல்லாரும் பாத்தாச்சா?" என்று கேட்பார். பாத்தாச்சு என்று பதில் வந்ததும் துணியை மூடி முடிச்சுப் போட்டுவிடுவார்கள். பிறகு அது திறக்காது.

மகன் தாமதமாக வந்தால் நேராக அடக்கம் செய்த கபர்ஸ்தானுக்குப் போய், மண்ணின் பக்கத்தில் நின்று துஆ செய்துகொள்ளலாம். எங்கள் ஜமாஅத்தில் பெண்கள் அங்கே போவதில்லை. மகளுக்கு உள்ளது முகம் பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான். மய்யித்தைச் சுமக்கிற சந்தூக் வாசலைத் தாண்டிவிட்டால், இரண்டு தெரு தள்ளி இருக்கிற மகளும் உலகத்தின் அடியில் இருக்கிற மகளும் ஒன்றுதான்.

3

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அடுத்தவர் வீட்டுத் தகப்பன்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, வெயில் வரும் ஜன்னல் பக்கம் உட்கார வைப்பது என் வேலை. வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வந்து லாக்கரைத் திறந்தபோது சாகுல் பலமுறை கூப்பிட்டிருந்தான். பம்பாயில் அப்போதுதான் விடிந்திருக்கும். அந்த நேரத்தில் வருகிற அழைப்பில் நல்லது எதுவும் இருக்காது.

"லாத்தா, வாப்பா மவுத்தாயிட்டாவ" என்றான். "பஜ்ரு தொழுகைக்கு எந்திரிச்சாவ. கை கால் கழுவி ஒளுச் செய்ய உக்காந்தாவ. அப்படியே சாஞ்சிட்டாவ."

"வச்சிருப்பீங்களா?" என்று கேட்டேன். முதலில் என் வாயில் வந்தது அதுதான். உம்மா எப்படி இருக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை.

"வச்சிருப்போம் லாத்தா. பள்ளிவாசல் ஹஸ்ரத்துகிட்டப் பேசிட்டேன், ஜமாஅத்துல ஒத்துக்கிட்டாங்க. தூ டென்ஷன் மத் லே, கவலப்படாத. நீ கெளம்பி மட்டும் வா."

அவன் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். அவனும் பொய் சொல்லவில்லை. எதுவரை என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

என் கணவர் டிக்கெட் தேடினார். அன்று ராத்திரிதான் முதல் விமானம். சிங்கப்பூர் வழி. அங்கே இறங்கிக் காத்திருந்து அடுத்த விமானம் பிடித்தால் மறுநாள் மதியம் பம்பாய். டிக்கெட்டைப் படம் எடுத்துச் சாகுலுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டை விரல் வந்தது. அந்த நேரத்தில் அவன் கையில் எத்தனை போன், காதில் எத்தனை பேர். படத்தைத் திறக்காமலேயே விரலை அழுத்தியிருக்கிறான்.

விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டையும் இந்தியா போக வைத்திருக்கிற அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அட்டையில் இருப்பது பழைய பாஸ்போர்ட்டின் எண். புதியதில் வேறு எண். மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்றாள். என் ஆங்கிலம் அந்த இடத்தில் என்னைக் கைவிட்டுவிட்டது. பன்னிரண்டு வருடமாகப் பேசி வருகிற மொழி, ஒரு வார்த்தை வரவில்லை. "மேரா பாப் ஆஃப் ஹோ கயா, ஜல்தி கரோ நா" என்று சொல்லிவிட்டேன், என் அப்பா ஆஃப் ஆகிவிட்டார், சீக்கிரம் செய்யுங்கள் என்று. பம்பாய் ஹிந்தி அப்படித்தான், சாவைக்கூட விளக்கு அணைந்த மாதிரிதான் சொல்லும்.

அவள் பிஜி இந்தியப் பெண். அவள் வீட்டு ஹிந்தி வேறு. முதலில் விழித்தாள், பிறகு புரிந்துகொண்டாள். "பஹினி", சகோதரி, என்று என்னைக் கூப்பிட்டு, உள்ளே போய் யாரிடமோ பேசி, தானே வந்து என்னை விமானம் ஏறும் வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். என் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் வாப்பாவின் பெயர். அந்த அவசரத்திலும் மிஸ் காதர், மிஸ் காதர் என்று அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

4

முன் இருக்கையின் திரையில் ஒரு சின்ன விமானம் வரைபடத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவைக் கடக்கவே பாதி நேரம் போகிறது. கீழே விளக்கே இல்லாத இருட்டு. நான் அழவில்லை. அழுதால் முகம் பார்க்கும்போது கண் கலங்கித் தெரியாது என்று ஒரு பைத்தியக்கார யோசனை. வாப்பாவின் நெற்றியில் தையல் மிஷினில் இடித்துக்கொண்ட ஒரு தழும்பு உண்டு. அதை ஒருமுறை தொட வேண்டும், மைமூன் மாமியிடம் சொல்லித் துணியைக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கச் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் அந்தத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் துணியை மூடியிருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் இறங்கிப் போனை உயிர்ப்பித்ததும் செய்திகள் கொட்டின. சாகுலின் குரல் முதலில். "லாத்தா, என்னய மன்னிச்சிரு லாத்தா. நீ ராத்திரி இஷா தொழுகைக்குள்ள வந்துருவேன்னு நெனச்சோம். போன்ல போட்டுப் பாத்தேன், பதினஞ்சு மணி நேரம்னு காட்டுச்சு. அதத்தான் ஜமாஅத்துல சொன்னேன். இனிமே வைக்க முடியாதுன்னுட்டாங்க லாத்தா." அதற்கு மேல் பேச முடியாமல் விட்டுவிட்டான்.

அடுத்தது உம்மா. உம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்பத் தெரியாது. யாரோ போனைப் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "ஜைத்து, வாப்பாவ எடுத்தாச்சு. நீ மெதுவா வா. இனிமே அவசரம் ஒண்ணும் இல்ல."

அடுத்த விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பளபளவென்று துடைத்த தரை, செடி வைத்த தொட்டி, வாசனைத் திரவியக் கடை. நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். உலகத்தில் நான் போக வேண்டிய இடம் ஒன்று காலி ஆகிவிட்டது, டிக்கெட் மட்டும் கையில் இருக்கிறது. திரும்பி ஆக்லாந்துக்கே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. கணவரும் போனில் தயங்கித் தயங்கி அதைத்தான் கேட்டார். உம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அது உண்மைதான். ஆனால் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அந்த உண்மை போதவில்லை.

5

மும்பை விமான நிலையத்தில் என் ஊர்க்காரர்களுக்கு ஒரு வரிசை, எனக்கு வேறு வரிசை. வெளிநாட்டார் வரிசையில், கேமரா தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குப் பின்னால் நின்றேன். அதிகாரி யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். வாய்ப் பழக்கத்தில், வாப்பா வீட்டுக்கு என்றேன். அவர் முத்திரை குத்திக் கொடுத்தார்.

எங்கள் சந்து குறுகலானது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மாடிக்குப் போகிற இரும்பு ஏணியில் ஈரச் சாக்குகள் காயப் போட்டிருந்தன. ஐஸ் பாளத்தைச் சுற்றிக் கொண்டு வந்த சாக்குகள். மீன் வாடை அடித்தது. பிணம் வைக்கிற குளிர்ப்பெட்டி இந்தச் சந்துக்குள் நுழையாததால் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வாங்கி வந்திருக்கிறார்கள். மே மாத வெயில், தகரக் கூரை. உருக உருக வாங்கி வந்திருக்கிறார்கள்.

உம்மா உள்ளறையில் வெள்ளைச் சேலையில் இருந்தாள். கணவன் இறந்தபின் இத்தா இருக்கிறவள், எழுந்து வெளியே வரக் கூடாது. நான் மடியில் விழுந்தேன். என் தலையைத் தடவிக்கொண்டே, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அந்தப் பகல் எப்படிப் போனது என்று மைமூன் மாமிதான் மெல்ல மெல்லச் சொன்னார். காலையில் வந்தவர்கள் மதியம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போய், சாயங்காலம் மறுபடி வந்தார்கள். லுஹர் தாண்டியதும் முணுமுணுப்பு கிளம்பியது. ஒரு மகள் வருகிறாள் என்பதற்காக மய்யித்தை இப்படி நோக வைக்கலாமா என்று ஒருத்தர் சத்தமாகவே கேட்டாராம். உம்மா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வாரா. வந்துகிட்டு இருக்கா."

நடுவில் சாகுல், போனில் முகத்தைக் காட்டிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறான். அப்போது நான் ஆக்லாந்தில் வீட்டில் பை அடுக்கிக்கொண்டிருந்தேன். காட்டியிருந்தால் பார்த்திருப்பேன். உம்மா வேண்டாம் என்றுவிட்டாள். "நேர்ல பாக்கப் போறவளுக்குப் போன்ல எதுக்குடா? படம் எல்லாம் எடுக்காத" என்றாளாம்.

அஸர் எனும் மாலைத் தொழுகைக்குப் பிறகுதான், எந்த விமானம் என்று பார்த்து ஏர்போர்ட்டுக்கு வண்டி அனுப்பலாம் என்று சாகுல் நான் அனுப்பிய படத்தைத் திறந்திருக்கிறான். நாளை மதியம் என்று இருந்தது. என்னைக் கூப்பிட்டிருக்கிறான். நான் அதற்குள் மேலே ஏறிவிட்டேன். பள்ளிவாசலுக்கு ஓடினான். இஷாவுக்குப் பின் ஜனாஸா தொழுகை என்று மைக்கில் சொல்லியாகிவிட்டது. தாராவியிலிருந்தும் மும்பராவிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஹஸ்ரத் அவன் தோளில் கை வைத்து, "தம்பி, இன்னொரு ராத்திரிய மய்யித்து தாங்காதுப்பா" என்றாராம். அவர் சொன்னதில் தவறு இல்லை. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை, அதனால் எல்லோர் மேலும் பட்டேன்.

சாகுலைப் பிடித்துக்கொண்டேன். "என்னடா, மஸ்கட்டுன்னு நெனச்சியா? போன்ல ஒரு நம்பரக் காட்டினா அதுல ஏறி வந்துருவேனா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "மஸ்கட்டுக்குப் போட்டா கரெக்டாத்தான் காட்டும் லாத்தா."

சரியான நேரம் தெரிந்திருந்தால், எப்படியும் முடியாது என்று லுஹருக்கே எடுத்திருப்பார்கள். வாப்பாவும் நோகாமல் போயிருப்பார், போனிலாவது நான் முகம் பார்த்திருப்பேன். நேரமே தெரியாமல் இருந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். பாதி சரியான ஒரு எண் கையில் கிடைத்ததால் இரண்டும் இல்லாமல் போனது. அந்த வீட்டில் சரியான நேரம் தெரிந்த ஒரே ஆள் ஐஸின் மேல் படுத்திருந்தார்.

கடைசியாக மாமி ஒன்று சொன்னார். முகம் பார்த்து முடிந்ததும் வழக்கம்போல எல்லாரும் பாத்தாச்சா என்று கேட்டாராம். உம்மா பேசவில்லை. இரண்டாம் முறை கேட்டபோதும் பேசவில்லை. மூன்றாம் முறை, "ஜைத்து இன்னும் பாக்கல" என்றாளாம். வாசலில் சந்தூக்கோடு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மாமி கொஞ்ச நேரம் துணியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறார். பிறகு மூடிவிட்டார்.

6

இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் அணைத்துக்கொண்டு, அடக்கம் நன்றாக நடந்ததா என்று விசாரித்தாள். நன்றாக நடந்தது என்றேன். நான் அங்கே இல்லை என்று சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடிப்பது.

இங்கே ஒரு முதியவர் இறந்தால் பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை பார்த்து அடக்கம் வைக்கிறார்கள். லண்டனிலிருந்து மகன், பெர்த்திலிருந்து மகள், எல்லோருக்கும் விடுமுறை கிடைத்து, மலிவான டிக்கெட் பார்த்து வந்து சேர்வார்கள். போன மாதம் நான் தினமும் குளிப்பாட்டிய ஒரு கிழவர் இறந்தார். அவர் மகள் நிதானமாக வந்து, பெட்டியின் பக்கத்தில் நாற்காலி போட்டு, காப்பி குடித்துக்கொண்டு வெகுநேரம் தகப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படி ஒன்றுக்குப் பொறாமைப்படுவேன் என்று நினைத்ததில்லை.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு மாவோரிப் பெண்ணிடம் மட்டும் முழுவதும் சொன்னேன். அவர்கள் வழக்கத்தில் உறவினர் வந்து சேரும் வரை நாள்கணக்கில் வைத்திருப்பார்களாம், இறந்தவரைத் தனியாக விட மாட்டார்களாம். அவசரம் ஏன் என்பது அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பகல் முழுக்க அவரோடு யார் உட்கார்ந்திருந்தார்கள்? என் உம்மா என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஹனாவிடம் அவ்வளவையும் சொல்ல எனக்கு மொழி இல்லை. என் தமிழ் அவளுக்குப் பாதி, அவள் ஆங்கிலம் எனக்குப் பாதி. அன்றைக்குக் கதவைத் தட்டி உள்ளே போய், மடிக்கணினியை மூடியதற்கு வருத்தம் சொன்னேன். நேரத்தை மாற்றி, ஒரு நாளுக்கு மேல் என்று எழுதச் சொன்னேன். டீச்சர் மணியும் நிமிடமும் கேட்டிருக்கிறார் என்றாள். பிறகு, "அவங்க ஏன் உனக்காக வெயிட் பண்ணல?" என்று கேட்டாள். பண்ணினார்கள், அதுதான் பிரச்சினை என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பதினைந்து மணி நாற்பது நிமிடத்தோடு அட்டை பள்ளிக்குப் போனது. ஒரு நட்சத்திரம் வாங்கி வந்தாள்.

7

வாப்பாவின் வருட ஃபாத்திஹா இந்த வாரம் பம்பாய் வீட்டில் ஓதினார்கள். முடிந்ததும் உம்மா வீடியோ காலில் கூப்பிட்டாள். இப்போது அவளுக்குக் காலில் வீக்கம் வந்துவிட்டது. செம்பூரில் ஒரு டாக்டர் கிட்னி என்கிறார். மாத்திரை, உப்பில்லாச் சோறு, வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை. அதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "இன்னொண்ணு சொல்லணும்ட்டி" என்றாள்.

"சொல்லும்மா."

"என்னய வைக்க வேண்டாம்னு ஹஸ்ரத்துட்டச் சொல்லி அனுப்பிட்டேன். சாகுல்ட்டயும் சொல்லிட்டேன். காலைல போனா லுஹருக்கு எடுத்துரணும். யாருக்காகவும் நிறுத்தி வைக்கக் கூடாது."

அவளே தொடர்ந்தாள்.

"உங்க வாப்பாவ அன்னிக்கு ரொம்ப நேரம் வச்சிட்டோம். நான் பக்கத்துலயே இருந்தேன்லா. எனக்குத்தான் தெரியும்." ஒரு வருடத்தில் அதைப் பற்றி அவள் பேசியது அந்த ஒரு தடவைதான். "நீ சரின்னு சொல்லணும். ஒன் வாயால சொன்னாத்தான் அவன் கேப்பான். இல்லன்னா மறுபடியும் போனத் தட்டிக்கிட்டு நிப்பான்."

உம்மாவின் முகத்தை நான் பார்க்கப் போவதில்லை என்பதற்கு நானே சரி சொல்ல வேண்டும். மறுத்தால் அவளையும் அந்தச் சாக்கு ஐஸில் போடச் சொல்வதாக ஆகும். அங்கேயே போய் இருந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஹனாவின் பள்ளி, கணவரின் வேலை, இந்த வீட்டின் கடன் என்று என்னிடம் பதில்கள் இருக்கின்றன. எல்லாம் உண்மையான பதில்கள்தான். ஒன்றைக்கூட உம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

"சரிம்மா" என்றேன்.

"அல்லாஹ் போதும்" என்றாள். சாகுலையும் கூப்பிட்டு, என் வாயால் இன்னொரு முறை சொல்ல வைத்தாள். அவன் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டான்.

பிறகு உம்மா போனைத் தானே கையில் எடுத்துக்கொண்டாள். எப்போதும் அவள் பிடித்தால் பாதி நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். அன்று நேராகப் பிடித்தாள். தலையில் போட்டிருந்த துப்பட்டியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிட்டாள். நெற்றி, மூக்குத்தி போட்டுப் பிறகு கழற்றிய துளை, கண்ணுக்குக் கீழே வீக்கம், மோவாய், எல்லாம் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் அசையாமல் இருந்தாள். நெட் நின்றுவிட்டது என்று நினைத்து, "உம்மா, கேக்குதா?" என்றேன். பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

உம்மா கேட்டாள்.

"பாத்துட்டியா?"

அந்த வீட்டில் அந்தக் கேள்வியை எப்போது கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். பாத்தாச்சு என்று பதில் சொன்னால் என்ன செய்வார்கள் என்றும் தெரியும். பக்கத்தில் நாற்காலியில் ஹனா வந்து உட்கார்ந்திருந்தாள். உம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னும் பாக்கலம்மா" என்றேன்.

உம்மா போனைப் பிடித்தபடியே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து திரையில் அவள் முகம் மெல்ல நடுங்க ஆரம்பித்தது.

"கை வலிக்குதுட்டி" என்றாள்.

"அடுத்த கைல மாத்திப் பிடிம்மா" என்றேன்.

மாற்றிப் பிடித்தாள்.